ஆறு சைக்கிளில் இறங்கிய பரிசம்

பழைய சைக்கிள்களை வாங்கித் திருத்தி விற்பது என் பொழுதுபோக்கு என்று சொன்னால், கேட்பவர்கள் முதலில் என் முகத்தைப் பார்ப்பார்கள். பிறகு சுற்றியிருக்கும் மலையைப் பார்ப்பார்கள். பிறகு மறுபடியும் என் முகத்தைப் பார்ப்பார்கள். அவர்கள் மேல் குற்றம் சொல்ல முடியாது. சைக்கிள் ஓடுவதற்கு இரண்டு சக்கரமும் கொஞ்சம் சமதரையும் வேண்டும். நோர்வூட்டுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் சமதரை என்று சொல்லக்கூடியது பாடசாலை மைதானம் மட்டும்தான். அதுவும் ஒரு கோல் கம்பத்தின் பக்கம் சரிந்தே இருக்கும். (அந்தப் பக்கம் கோல் போடுகிற அணிதான் எப்போதும் ஜெயிக்கும்.)

நான் அந்தப் பாடசாலையில் கணித ஆசிரியர். கணித ஆசிரியர்கள் யோசித்துத்தான் எதையும் செய்வார்கள் என்று ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு. அந்த நம்பிக்கையை எங்கள் தோட்டத்தில் நான் தனி ஆளாக நின்று ஒழித்தேன்.

ஹட்டனில் இரும்புக்கடை வைத்திருந்த முஸ்லிம் பெரியவரை எல்லோரும் நானா என்போம். ஒரு நாள் அவர் கடையில் கதவுக் கொண்டி வாங்கப் போனபோது, உடைந்த தையல் இயந்திரங்களுக்கும் வாளிகளுக்கும் அடியில் ஒரு சைக்கிளின் முன்பக்கம் மட்டும் தெரிந்தது. எனக்கு என்ன ஆயிற்று என்று இன்றுவரை தெரியவில்லை. அதை இழுத்து வெளியே எடுத்தேன். சீட் இல்லை, செயின் இல்லை, பின் சக்கரத்தில் பாதிக் கம்பிகள் இல்லை.

"தம்பி, இத நீங்க கொண்டு போனா எனக்குப் புண்ணியம்," என்றார் நானா. விற்கிறவர் புண்ணியம் பற்றிப் பேசினால் வாங்குகிறவன் உஷாராக வேண்டும். நான் ஆகவில்லை.

மூன்று மாதம் வேலை செய்தேன். கழற்ற முடிந்த எல்லாவற்றையும் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப்போட்டேன். துருவை அரத்தாளால் தேய்த்தேன். குண்டுமணி அளவு இரும்புக் குண்டுகளைக் கிரீஸில் பதித்து அச்சில் வைத்தேன். (இரண்டு குண்டு மிச்சம் வந்தது. சைக்கிள் ஓடியது. கேள்வி கேட்கவில்லை.) பெயின்ட்டுக்குக் காசு செலவழிக்க மனமில்லாததால், தோட்டத்து மாரியம்மன் கோயில் கும்பாபிஷேகத்தில் மிஞ்சிய டப்பாக்களைக் கேட்டு வாங்கினேன். அதனால் என் சைக்கிள்கள் எல்லாமே கோபுரத்து நிறத்தில் இருக்கும். ஒன்று மயில் நீலம், ஒன்று காளியின் நாக்குச் சிவப்பு, ஒன்று பூதகணங்களுக்கு அடிக்கிற பச்சை.

அப்பா தேயிலை அரைக்கிற ஸ்டோரில் முப்பது வருஷம் மெஷினுக்கு எண்ணெய் விட்டவர். சுழலுகிற எதைப் பற்றியும் அவருக்குக் கருத்து உண்டு. முதல் சைக்கிளைச் சுற்றி ஒரு தடவை நடந்து பார்த்துவிட்டுச் சொன்னார்:

"நல்லாத்தான்டா இருக்கு. ஆனா இந்த மலையில ஏறும்போது நீ அதத் தூக்கணும். எறங்கும்போது அது ஒன்னத் தூக்கிட்டுப் போயிரும்."

மூன்று வருஷத்தில் எட்டு சைக்கிள் திருத்தி இரண்டு விற்றேன். ஒன்றை நுவரெலியாவில் ஒரு கெஸ்ட் ஹவுஸ்காரர் வாங்கி, வாசலில் நிறுத்தி, கூடையில் பூச்சட்டி வைத்தார். இன்னொன்றை வாங்கியவரும் அதைப் பார்த்துவிட்டு வந்தவர்தான். மலையகத்தில் சைக்கிள் என்பது பூ வளர்க்கிற சாதனம் என்று நானே ஏற்றுக்கொள்கிற நிலைக்கு வந்திருந்தேன். மிச்சம் ஆறும் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டிலில் நின்றன.

அப்போதுதான் நாட்டில் பெற்றோல் தீர்ந்தது.

நாடு முழுக்க மக்கள் பெற்றோல் ஷெட்டில் வரிசையாக நின்று வாடியபோது, மகிழ்ச்சியாக இருந்த ஒரே பிரஜை நானாகத்தான் இருப்பேன். என் காலம் வந்துவிட்டது என்று நினைத்தேன். அட்டைகளை வெட்டி, "விற்பனைக்கு" என்று கொட்டை எழுத்தில் எழுதி, கீழே போன் நம்பர் போட்டு, ஆறு சைக்கிளின் ஹேண்டிலிலும் கட்டினேன்.

அதே சமயத்தில்தான் என் கல்யாணப் பேச்சும் நடந்துகொண்டிருந்தது.

சுமதி மலைக்கு அந்தப் பக்கத் தோட்டத்தில் பிள்ளைக்காம்பரா டீச்சர். கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் விட்டுவிட்டுப் போகும் இருபது கைக்குழந்தைகளை ஒரே அறையில் சமாளிக்கிறவள். ஒரு பயிற்சி வகுப்பில் அவளைப் பார்த்தேன், பேசினேன், பிடித்துப்போயிற்று. அவளுக்கும் என்னைப் பிடித்தது என்பதை இன்றும் என்னால் முழுதாக விளக்க முடியாது. தடையாக இருந்தவர் அவளுடைய அப்பா. ராமையா மாமா அந்தத் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர். தோட்டத்தை நடத்துகிற துரையிடமே நேருக்கு நேர் நின்று பேசுகிறவர். அவர் முழுசாக நம்பியவை இரண்டு: கையில் கட்டியிருந்த கடிகாரம், சுவரில் தொங்கிய பஞ்சாங்கக் கலண்டர். என்னை அவர் அந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை.

"வாத்தியார் உத்தியோகம் சரி," என்று தரகரிடம் சொல்லி அனுப்பியிருந்தார். "பழைய இரும்பு பொறுக்குறதாவும் கேள்விப்பட்டேன். அதான் யோசனையா இருக்கு."

பல பேர் பேசி, கடைசியில் பரிசம் போட ஒரு சனிக்கிழமை குறித்தார். சனிக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரை வரை ராகு காலம். பத்தரைக்கு மேல் பதினொன்றரைக்குள் பரிசத் தட்டுகள் அவர் வீட்டுக்குள் வர வேண்டும். "நேரம் தவறினா இன்னொரு நாள் கெடையாது," என்பது அவருடைய கடைசி வார்த்தை. அவர் ஒரு தடவைதான் சொல்வார் என்று சுமதி போனில் எச்சரித்தாள்.

பரிசத்துக்கு ஏழு தட்டு. ஒற்றைப்படையில்தான் போக வேண்டும். சேலை, தேங்காய், பழம், சீனி, பலகாரம், பூ, வெற்றிலை பாக்கு. கூட்டிப்போக வேன் பேசியிருந்த டிரைவர் முதல் நாள் போன் செய்தார். "டீசல் தேடிக் குடுங்க, நாளைக்கே வாரேன்," என்றார். டீசல் தேட முடிந்தால் நாங்கள் வேனையே தேடியிருக்க மாட்டோம், கப்பலே பேசியிருப்போம்.

பஸ் ரோட்டில் சுற்றிப் போனால் பன்னிரண்டு மைல். தோட்டத்துக் குறுக்கு ரோட்டில் மலையேறி, உச்சியில் முனியாண்டி கோயிலைத் தாண்டி, அந்தப் பக்கம் இறங்கினால் மூன்றே மைல். ஏழு தட்டையும் தலையில் வைத்து நடப்போம் என்றார்கள் பெரியவர்கள். பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து அப்படித்தான் நடந்திருக்கிறது. அவர்களுக்கு என்ன தெரியும்?

"எதுக்கு நடக்கணும்? ஆறு சைக்கிள் சும்மாதானே நிக்குது," என்றேன்.

என் திட்டத்தைக் கணித ஆசிரியனுக்கே உரிய தெளிவோடு கரும்பலகை இல்லாமல் விளக்கினேன். கெரியரில் தட்டை இழுத்தால் அவிழும் முடிச்சில் கட்டி, ஆளுக்கு ஒரு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகலாம். ஏறுவதற்கு ஒரு மணி நேரம், கோயிலில் ஓய்வு, இறங்குவதற்கு நாற்பது நிமிஷம். பத்து நாற்பதுக்கு வாசலில் நிற்போம். நான் வெளியே சொல்லாத இன்னொரு கணக்கும் இருந்தது. சுமதி தோட்டத்தில் இருநூறு குடும்பம். பெற்றோல் இல்லாத ஊருக்குள் ஆறு பளபளப்பான சைக்கிள்கள் அணிவகுத்துப் போனால் என்ன ஆகும்? என் பரிசத்தை நானே விளம்பரமாக்கத் துணிந்தேன். அட்டைகளை அவிழ்க்கவில்லை.

மாப்பிள்ளை பரிசத்துக்குப் போகிற வழக்கமும் எங்களிடம் இல்லை.

"நீ எங்கடா வர்ற?" என்றார் அப்பா.

"செயின் கழண்டா யாரு மாட்டுறது?" என்றேன்.

அம்மா மட்டும் மசியவில்லை. "வெத்தில பாக்குத் தட்ட நான் கையில வச்சுக்கிட்டு நடந்து வாரேன். அத இரும்புல ஏத்த மாட்டேன்," என்றாள். பெண்கள் எல்லோரும் அவளோடு பின்னால் நடந்து வருவதாக முடிவாயிற்று. ஆறு தட்டுக்கு ஆறு சைக்கிள் சரியாகப் பொருந்தியது. இதில் தெய்வச் செயலைக் கண்டவன் நான் ஒருவன்தான்.

இப்போது அந்த எண்ணெய் விஷயத்தைச் சொல்ல வேண்டும். மலைப்பனியில் ரிம் ஒரே ராத்திரியில் துரு ஏறும். அதனால் விற்பனைக்கு நிற்கும் சைக்கிளின் ரிம்மில் மெல்லியதாகத் தேங்காய் எண்ணெய் தடவி வைப்பேன். வாங்குகிறவர் வந்ததும் துடைத்துக் கொடுப்பேன். வெள்ளிக்கிழமை சாயந்திரம் ஆறு சைக்கிளின் பன்னிரண்டு ரிம்மிலும் ஒரு போத்தல் எண்ணெயைத் தடவினேன். சனிக்கிழமை காலையில் பார்த்தேன். கண்ணாடி மாதிரி மின்னின. துடைக்க மனம் வரவில்லை.

பிரேக் கட்டை ரிம்மைக் கவ்வித்தான் சைக்கிள் நிற்கிறது என்பது எனக்குத் தெரியும். எண்ணெய் வழுக்கும் என்பதும் தெரியும். இந்த இரண்டு தகவலும் என் மண்டைக்குள் தனித்தனி அறைகளில் குடியிருந்தன. அதுவரை ஒன்றை ஒன்று சந்தித்ததில்லை.

ஒன்பதுக்கு முன்பே வீட்டை விட்டுக் கிளம்பினோம். முதலில் தாய்மாமன் மருதமுத்து மாமா, சீனித் தட்டோடு. அறுபத்தைந்து வயது, பட்டு வேட்டி. அடுத்தது அப்பா, தேங்காய்த் தட்டோடு. என் அக்கா புருஷன் ரவி மச்சான் வாழைத்தாரோடு. பூவும் பலகாரமும் இரண்டு பங்காளிகளிடம். கடைசியில் நான், சேலைத் தட்டோடு. மருதமுத்து மாமா கிளம்பும்போது எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க. பரிசத் தட்டு பொண்ணு வீடு போய்ச் சேர்ற வரைக்கும் தரையில படக்கூடாது. பட்டுச்சுன்னா அபசகுனம். என்னா ஆனாலும் கைய விடாதீங்க."

ஏற்றம் அருமையாகப் போயிற்று. ஏற்றத்தில் யாரும் பிரேக் பிடிப்பதில்லை. கோயிலடியில் சைக்கிள்களை ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு உட்கார்ந்தோம். பெண்கள் ஒரு மைல் பின்னால் வந்துகொண்டிருந்தார்கள். பத்து மணிக்கு மெதுவாக இறங்கத் தொடங்கலாம் என்று சொன்னேன். ஒன்பதே முக்காலுக்கு வானம் இருண்டு தூற ஆரம்பித்தது.

"சேல நனையப் போவுதுடா," என்றார் அப்பா.

"அப்ப இப்பவே எறங்குவோம். ரொம்ப மெதுவா போனா நேரம் சரியா வரும்," என்றேன். "ரொம்ப மெதுவா" என்று நான் சொன்னதைப் பல பேர் இன்றும் சாட்சி சொல்வார்கள்.

முதல் நூறு அடி மெதுவாகத்தான் போனோம்.

பிறகு ரவி மச்சான் என்னைத் தாண்டிப் போனார். வாழைத்தார் கனம் அதிகம் என்பதால் அவருடைய சைக்கிள்தான் முதலில் முடிவு செய்தது.

"மச்சான்! இதுல பிரேக் எங்க?" என்று கத்தினார்.

"ஹேண்டில்ல இருக்கு! புடிங்க!"

"புடிச்சுத்தான்யா இருக்கேன்!"

என் பிரேக்கை நானும் பிடித்துப் பார்த்தேன். வழுவழுவென்று எந்த எதிர்ப்பும் இல்லாமல் இருந்தது. அந்த நொடியில்தான் மண்டைக்குள் அந்த இரண்டு அறைகளின் கதவும் திறந்தன.

வேறு எந்தச் சாமானாக இருந்தாலும் கைவிட்டிருப்போம். சைக்கிள் போய்த் தேயிலைச் செடியில் விழுந்திருக்கும், நாங்கள் நடந்து போய் எடுத்திருப்போம். ஆனால் விட்டால் தட்டு தரையில் படும். அதனால் ஆறு பேரும் ஒரு கையால் ஹேண்டிலையும் மறு கையால் தட்டையும் பிடித்துக்கொண்டு ஓடினோம். நான் என் வாழ்க்கையில் அவ்வளவு வேகமாக ஓடியதில்லை. நான் ஓடவும் இல்லை, சைக்கிள்தான் என்னைக் கொண்டுபோனது. அப்பா மூன்று வருஷம் முன்பே சொன்னதை நிரூபிக்கிற மாதிரி எனக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தார். அந்த நிலையிலும் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை விவரிக்க மாட்டேன்.

மருதமுத்து மாமாவால் ஓட முடியவில்லை. இரண்டாவது வளைவில் வேறு வழியில்லாமல் சைக்கிளில் ஏறி உட்கார்ந்துவிட்டார். அவருக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும், அவர் உட்பட. "முனியாண்டி, முனியாண்டி" என்று மட்டும் சொல்லிக்கொண்டே எங்கள் எல்லோரையும் தாண்டிப் போனார். பட்டு வேட்டி பின்னால் பறந்தது.

மலைச்சரிவில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"ஏய், பரிசம் போவுதுடி!" என்றது ஒரு குரல்.

"யாரு வெரட்டுறா?" என்றது இன்னொன்று.

நாற்பது நிமிஷ இறக்கத்தை ஏழு நிமிஷத்தில் முடித்தோம். பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னால், ராகு காலத்தின் நட்டநடுவில், பெண் வீடு இருந்த லயத்து வரிசை வீடுகளின் வாசலுக்குள் நுழைந்தோம்.

அங்கே பந்தல்கூட இன்னும் முழுதாகக் கட்டி முடியவில்லை. ரவி மச்சான் விறகு அடுக்கில் போய் நின்றார். அப்பா செவ்வந்திப் பாத்தியில் இறங்கினார். பங்காளிகள் இரண்டு பேரும் ஆளுக்கொரு பந்தல் காலைக் கட்டிப்பிடித்தார்கள். மருதமுத்து மாமா லயத்தைச் சுற்றி ஒரு முழு வட்டம் போய், மறுபக்கம் வந்து, ஒரு மாட்டுக் கொட்டகையில் காணாமல் போனார். தட்டை மட்டும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தார். ஒரு தட்டும் தரையில் படவில்லை. இதை எங்கள் குடும்பத்தின் சார்பில் பதிவு செய்து வைக்கிறேன்.

நான் நேராகக் கடைசி வீட்டு வாசலுக்குப் போனேன். அங்கே சுமதி நைட்டியோடு, தலையில் துண்டு கட்டி, குந்தி உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். பரிசம் முடிகிற வரைக்கும் மாப்பிள்ளை கண்ணில் படவே கூடாத பெண். என்னைப் பார்த்தாள். அவள் கத்தவில்லை. இருபது பிள்ளைகளை வைத்துச் சமாளிக்கிறவளுக்கு எதைப் பிடிக்க வேண்டும், எதை விட வேண்டும் என்று தெரியும். எழுந்து, கத்தியைத் தூர எறிந்துவிட்டு, பாய்ந்து வந்து சேலைத் தட்டை இரண்டு கையாலும் பிடுங்கிக்கொண்டாள். என்னை விட்டுவிட்டாள். நானும் மயில் நீலச் சைக்கிளும் லயத்துக்குப் பக்கத்தில் மழைத்தண்ணீர் ஓடுகிற கானுக்குள் விழுந்தோம்.

சத்தம் கேட்டு ராமையா மாமா வெளியே வந்தார். பனியன், தோளில் துவாய், முகத்தில் பாதி சவர நுரை. மகளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்க்கவில்லை. முதலில் கடிகாரத்தைப் பார்த்தார்.

"ராகு காலத்துலயா?" என்றார். குரல் உயரவேயில்லை. அதுதான் பயமாக இருந்தது.

பிறகு தட்டுகளை எண்ணினார். "ஆறா? ரெட்டப்படையிலயா?"

பிறகு கானைப் பார்த்தார். "மாப்பிள்ளையுமா?"

கடைசியாகப் பக்கத்தில் கிடந்த சைக்கிளின் ஹேண்டிலில் தொங்கிய அட்டையை எடுத்து எழுத்துக்கூட்டி வாசித்தார்.

"பரிசத்துக்கு வந்தீங்களா, யாவாரத்துக்கு வந்தீங்களா?"

நான் கானிலிருந்தபடியே ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். எண்ணெய் பற்றிச் சொல்லத் தொடங்கினேன் என்று நினைக்கிறேன். அப்பா செவ்வந்திப் பாத்தியிலிருந்து, "நீ பேசாத," என்றார்.

"சம்மந்தி, தப்பு நடந்துபோச்சு. மன்னிச்சுக்குங்க," என்று அப்பா கை கூப்பப் போனார். கையில் தேங்காய்த் தட்டு இருந்ததால் கூப்ப முடியவில்லை. அதைப் பார்த்தபோதுதான் எனக்கு உண்மையாகவே அழுகை வந்தது. யாரிடமும் தலை குனியாத மனிதர். என் பவிசைக் காட்ட நான் ஆசைப்பட்டதற்கு அவர் பூச்செடி நடுவில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நின்றார்.

"நான் ஒரு தடவ சொன்னா சொன்னதுதான்," என்றார் ராமையா மாமா. "தட்டெல்லாத்தையும் திருப்பிக் கொண்டு போங்க. நேரம் தவறிப்போச்சு."

அப்போது சுமதி பேசினாள்.

"நேரம் இன்னும் வரவே இல்லையேப்பா. எப்படித் தவறும்?"

"என்னா சொல்ற?"

"தட்டு வீட்டுக்குள்ள வரல. தரையிலயும் படல. நான் வெளிய நின்னு கையிலதான் வச்சிருக்கேன். பத்தர வரைக்கும் இப்படியே வச்சிருக்கேன். பத்தரைக்கு மேல நீங்க வந்து வாங்கிக்குங்க."

"பொண்ணே நின்னு புடிக்கிறதா? ஊர் சிரிக்கும்."

"இப்ப மட்டும் சிரிக்கலையா?"

அது உண்மை. லயத்து வாசல்கள் எல்லாம் நிறைந்திருந்தன. ராமையா மாமா மகளைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு மிச்சச் சவரத்தை முடிக்க உள்ளே போனார். போகச் சொன்னவர் போகச் சொன்னதைத் திரும்பச் சொல்லவில்லை. அதையே நாங்கள் சம்மதமாக எடுத்துக்கொண்டோம்.

அதன் பிறகு நடந்ததை நான் எந்தக் கல்யாணத்திலும் பார்த்ததில்லை. ஆறு தட்டை ஆறு பேர் கையில் ஏந்தியபடி தூறலில் நின்றார்கள். மருதமுத்து மாமா உடம்பெல்லாம் வைக்கோலோடு வந்து வரிசையில் சேர்ந்துகொண்டார். பெண் வீட்டு அத்தை ஒருத்தி குடை கொண்டுவந்து சுமதி தலைக்கு மேல் பிடித்தாள். தட்டை மாற்றிப் பிடிக்கிறேன் என்று இரண்டு பேர் வந்தார்கள். சுமதி கொடுக்கவில்லை. அவள் கண்களிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. வெங்காயம் என்று எல்லோரிடமும் சொன்னாள்.

என்னை யாரும் கானிலிருந்து எழுந்திருக்கச் சொல்லவில்லை. மாப்பிள்ளை கண்ணில் படக்கூடாதவன் என்பதால் அங்கேயே இருப்பதுதான் முறை என்று ரவி மச்சான் விளக்கம் சொன்னார். நான் இடுப்பளவு ஈரத்தில் உட்கார்ந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு இவளைக் கட்டிக்கொள்ளும் தகுதி இல்லை என்று தெளிவாகத் தெரிந்தது. கணித ஆசிரியனாக அன்று நான் சரியாகப் போட்ட ஒரே கணக்கு அதுதான். அவளைக் கட்டிக்கொள்ளாமல் இருக்க முடியாது என்பதும் கூடவே தெரிந்தது.

அந்த அரை மணி நேரமும் சுமதி தோட்டத்துச் சனமெல்லாம் என் சைக்கிள்களைச் சாவகாசமாகச் சுற்றி வந்து பார்த்தது. தொட்டுப் பார்த்தார்கள், ரிம்மைத் தடவிப் பார்த்தார்கள், விரலை மோந்து பார்த்தார்கள். அட்டையைப் படித்தார்கள். நான் கனவு கண்ட கண்காட்சி அப்படியே நடந்தது. அதன் பிறகு அந்தத் தோட்டத்திலிருந்து ஒரு போன்கூட வரவில்லை.

பத்து முப்பத்திரண்டுக்கு அம்மா வந்தாள். குடை பிடித்து, சேலையில் ஒரு துளி ஈரம் படாமல், மற்றப் பெண்களோடு ஊர்க்கதை பேசிக்கொண்டே, நடந்து வந்தாள். கையில் வெற்றிலை பாக்குத் தட்டு. வாசலில் ஆட்கள் தட்டோடு வரிசையாக நிற்பதைப் பார்த்தாள்.

"என்னாத்துக்கு எல்லாரும் செலையாட்டம் நிக்கிறீங்க? தட்ட வாங்க ஆள் இல்லையா?" என்றாள்.

ராமையா மாமா பட்டு வேட்டி சட்டையோடு வெளியே வந்தார். கடிகாரத்தைப் பார்த்தார். தட்டுகளை எண்ணினார். ஏழு. எதையும் காட்டிக்கொள்ளாமல், அப்போதுதான் எங்களைப் பார்க்கிறவர் மாதிரி, "வாங்க சம்மந்தி, வாங்க," என்றார். முதலில் அம்மாவின் தட்டை வாங்கி உள்ளே கொடுத்தார். பிறகு ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் வாங்கினார். கடைசியாக மகள் முன்னால் வந்து நின்றார்.

சேலைத் தட்டை அவர் எடுத்துக்கொண்ட பிறகும் சுமதியின் கைகள் மடங்கியபடியே நின்றன. நீட்ட முடியவில்லை. தட்டைப் பக்கத்தில் கொடுத்துவிட்டு, தோட்டத்துத் தலைவர், துரையை எதிர்த்துப் பேசுகிற மனிதர், இருநூறு குடும்பமும் பார்த்திருக்க, மகளின் கைகளை மெதுவாகத் தேய்த்துவிட்டார். தேய்த்துக்கொண்டே கானைப் பார்க்காமல் சொன்னார்:

"மாப்ளைய எழுந்திரிக்கச் சொல்லுங்க. சளி புடிக்கப் போவுது."

அதுதான் எனக்குக் கிடைத்த முதல் "மாப்ள".

கல்யாணத்துக்கு வேன் கிடைத்தது. சைக்கிள்களில் நான்கு ஹட்டன் நானாவிடமே திரும்பிப் போயின. நானா வாய் திறந்து சிரிக்கவில்லை, திரும்பி நின்று சிரித்தார். மிச்ச இரண்டையும் வைத்துக்கொண்டு பொழுதுபோக்கைத் தொடர்ந்தேன், இன்றும் தொடர்கிறேன். போன வருஷம் ஒன்று விற்றது. வாங்கியவர் பூச்சட்டி வைக்கவில்லை, கீரை போட்டிருக்கிறார்.

குடும்பத்தில் அந்தக் கதை சொல்லப்படாத விசேஷம் கிடையாது. மருதமுத்து மாமா சொல்லும்போது அவர் சைக்கிளை வேண்டுமென்றே மாட்டுக் கொட்டகைக்குள் ஓட்டினார். ரவி மச்சான் சொல்லும்போது கானில் ஆளுயரத் தண்ணீர். எங்கள் வீட்டில் யாராவது யாரிடமாவது எதையாவது கொடுத்தால், அது சோற்றுப் பானையோ, சலவைத் துணியோ, "கீழ படாமப் புடி" என்று சொல்லாமல் கொடுப்பதில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் எங்களைக் கொஞ்சம் பயபக்தியான குடும்பம் என்று நினைக்கிறார்கள்.

மகள் பிறந்தபோது எல்லோரும் ஆஸ்பத்திரியில் இருந்தோம். நர்ஸ் குழந்தையைத் துணியில் சுற்றி என் கையில் வைத்தார். கட்டிலில் களைத்துக் கிடந்த சுமதி கண்ணைத் திறக்காமலே, "கீழ படாமப் புடிங்க," என்றாள். அம்மாதான் முதலில் சிரித்தாள். பிறகு அப்பா. நர்சுக்கு ஒன்றும் புரியவில்லை.

குழந்தையை யாரிடம் கொடுப்பது என்று நான் எல்லோர் முகத்தையும் பார்த்தேன். யாரும் கை நீட்டவில்லை. எல்லோரும் ராமையா மாமாவைப் பார்த்தார்கள். பேத்தியை முதலில் அவர் கையில்தான் கொடுக்க வேண்டும்.

"நேரம் பாத்துட்டு வாங்கிக்கிறேன். அதுவரைக்கும் நீங்களே புடிச்சுக்கிட்டு நில்லுங்க மாப்ள," என்றார் மாமா, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல்.

நான் நின்றேன். பத்து நிமிஷமோ, அரை மணியோ தெரியாது, கை மரத்துப் போயிற்று. மாமா பக்கத்தில் நின்று பேத்தியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு தடவைகூடக் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.